குணவதியின் வீடு உட்கார்ந்த கதை

உப்புத்துறைத் தெருவில் முதன்முதலாக உட்கார்ந்தது பாலத்தை ஒட்டியிருந்த சையது பாயின் வீடுதான். மழைக்காலம் ஓய்ந்து, கால்வாய்த் தண்ணீர் கொஞ்சம் முகம் தெளிந்திருந்த ஒரு முற்பகலில், பாய் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருக்க, அவர் மருமகள் அரிவாள்மணை முன் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, நூறு வருடத்துக்கு மேல் நின்ற அந்த வீடு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, முன் தூண்களை மெல்ல மடக்கி, கால்வாய்ப் பக்கத்துப் படித்துறையைக் கால்களைப் போலத் தண்ணீருக்குள் நீட்டி, அப்படியே உட்கார்ந்தது. ஒரு ஓடு விழவில்லை, ஒரு கண்ணாடி விரியவில்லை. பாய் சோப்பு முகத்தோடு சன்னலைப் பார்த்தார். தெருவில் போன மீன்காரியின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"இன்னா பாய், வஞ்சிரம் இருக்குது, வாங்கிக்கிறியா?" என்றாள் அவள்.

பாய் சன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டார்.

தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கால்வாயில் உப்பும் விறகும் படகில் வந்த காலத்தில், வந்த சரக்கை அடுக்கி வைக்கக் கீழே கிட்டங்கியும், குடியிருக்க மேலே மாடியுமாகக் கட்டின வீடுகள் அவை. கட்டினவர்களுக்குப் பணமும் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு பிடி கூடுதலாகச் செய்ய வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. அதனால் ஒருவர் சன்னலுக்கு மேலே அரைவட்டத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்தால், அடுத்தவர் நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பதித்தார். ஒருவர் இரும்புக் கம்பியில் கொடி படர விட்டால், அடுத்தவர் அந்தக் கொடியில் கிளிகளை உட்கார வைத்தார். ஒருவர் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கருவைக் கலந்து முகம் தெரியும்படி சுவரை இழைத்தால், அடுத்தவர் தலைவாரிக்கொள்ளும்படி இழைத்தார். சாயங்கால வெயிலில் எதிர்க்கரையில் நின்று பார்த்தால், மேலே ஒரு தெருவும் தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு தெருவுமாக, பார்க்கிறவனுக்குப் பேச்சு எழாது. எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு விருந்து, உள்ளேயிருந்து துடைத்தால் இடுப்புக்கு வேட்டு என்று தெருப் பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். அத்தனை கிளிக்கும் மூக்கிடுக்கில் அழுக்கு சேரும்.

குணவதியின் வீடு வரிசையின் நடுவில் இருந்தது. தெருவிலேயே அழகான வீடு எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் கை காட்டுவார்கள். ஏனென்றால் அதில் மாடிப்படி சுவருக்குள்ளேயே ஓடியது. வெளியிலிருந்து பார்த்தால் படி இருப்பதே தெரியாது. கிட்டங்கியின் மூலையில் ஒரு சின்னக் கதவைத் திறந்தால், பர்மாத் தேக்கில் ஓர் ஆள் அகலத்துக்குப் படிகள் ஏறி, சுவருக்குள் திரும்பி, மறுபடி திரும்பி, மாடியில் ஒரு அலமாரிக் கதவு வழியாக வெளியே விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியும் கேமராவுமாக வருகிற கூட்டம் அந்தப் படியைத் தொட்டுப் பார்த்து 'ஆகா' என்னும். அவர்களைக் கூட்டி வருகிற கட்டடக்கலைஞர் கோகுல்நாத் ஒரு தடவை அந்தப் படியில் உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறார். நல்ல மனுஷன், பொய்யாக அழவில்லை.

அந்தப் படிதான் குணவதியின் புருஷன் ஆதிமூலத்தைச் சிறை வைத்திருந்தது.

ஆதிமூலம் துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டினவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடது பக்கம் மொத்தமும் அவரை விட்டுப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நாலு பேர் அவரைப் போர்வையில் கட்டி அந்தப் படி வழியாக மேலே ஏற்றினார்கள். முதல் திருப்பத்தில் அவர் தலை இடித்தது, இரண்டாம் திருப்பத்தில் ஒருவன் கால் வழுக்கியது, மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவரை இறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தினமும் பிசியோவுக்கு வந்தால் இவர் கோல் ஊன்றியாவது நடந்துவிடுவார், படுத்தே கிடந்தால் மிச்சப் பக்கமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரை உடைத்து அகலப் படி வைக்கலாம் என்றால், பழைமையான படியை இடிக்கக் கூடாது என்று கோகுல்நாத்தின் குழு தடை வாங்கி வைத்திருந்தது. மூன்று வருடமாக ஆதிமூலம் வண்ணக் கண்ணாடி வழியாகக் கால்வாயைச் சிவப்பாகவும் பச்சையாகவும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மூன்று வருடமாகக் குணவதி நின்றாள். தண்ணீர்க் குடத்தை அந்தப் படியில் ஏற்றினாள், அழுக்குத் துணியை இறக்கினாள், மருந்து ஏற்றினாள், குப்பை இறக்கினாள். நின்றுகொண்டே சமைத்தாள், நின்றுகொண்டே சாப்பிட்டாள், பஹ்ரைனிலிருந்து மகன் கூப்பிட்டால் நின்றுகொண்டே "எல்லாம் நல்லா இருக்கோம்ப்பா" என்றாள். அழுகை வந்தால்கூட நின்றுகொண்டே அழுதாள். அழுவதற்கு என்று உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். ஆதிமூலத்தின் கட்டிலருகே லாஞ்சில் இருந்த வெண்கல மணி தொங்கியது. அவர் நல்ல கையால் அதை அடித்தால் அவள் போவாள். அவர் மணி அடிக்கத் தயங்கியதே இல்லை.

பாய் வீடு உட்கார்ந்ததைக் கேட்டதும், அது வரைக்கும் எதையும் ஆசைப்படாதிருந்த குணவதிக்கு ஆசை வந்தது. வீடு உட்கார்ந்தால் கிட்டங்கி மண்ணுக்குள் போய்விடும், மாடி தெருவுக்கு வந்துவிடும். ஆளுயரச் சன்னலில் கம்பியைக் கழற்றினால் வாசல். இந்த மனுஷனைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு தள்ளு தள்ளினால் தெருவில் இருப்பார்.

"பாய், எப்படி உக்காந்துச்சு?" என்று போய்க் கேட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. முட்டி வலின்னு நாற்காலில உக்காந்தேன். உக்காந்துட்டு, செவுத்தைத் தட்டி, எவ்ளோ நாள்தான் நிப்பே, நீயும் உக்காரேன்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். அதுகிட்ட யாரும் அந்த வார்த்தையச் சொன்னதே இல்ல போல."

இது தெரு முழுக்கப் பரவியது. அடுத்த வாரமே ரெபேக்கா டீச்சர் தன் வீட்டு ஆட்களையெல்லாம் ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, ஒரு ஜெபம் சொல்லி முடித்து, நாற்பது வருடம் வகுப்பை உட்கார வைத்த அதே குரலில், "உட்காரு" என்றார். வீடு டக்கென்று உட்கார்ந்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு ஒரு முறை உண்டானது. ஒருவர் வெற்றிலை பாக்கு வைத்தார், ஒருவர் மோர் வைத்தார், ஒருவர் மூன்று தலைமுறை மூதாதைகளின் பேரைச் சொல்லி அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டார். வீடுகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. சன்னலுக்கு முன் கோலம் விழுந்தது. சன்னலாக இருந்தது வாசலானால் அதற்கு நிலை வைக்கும் பூசை உண்டா இல்லையா என்று ஒரு வழக்கு எழுந்து, பால் காய்ச்சினால் போதும் என்று முடிந்தது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். மாநகராட்சி இன்ஜினியர் டேப்போடு வந்தார்.

"பூமி உள்வாங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார், வீடு உக்காந்துடுச்சு" என்றார் பாய்.

அவர் பாய் கொடுத்த டீயைக் குடித்தபடி வரிசையைப் பார்த்தார். அவருக்கும் மூட்டு வலி உண்டு. "ரொம்ப நாள் நின்னா உக்காரத்தான் செய்யும்" என்று சொல்லி டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

குணவதியும் அழைத்தாள். தலைக்குக் குளித்து, தட்டில் வெற்றிலை, பழம், சந்தனம் எடுத்துக்கொண்டு கூடத்தில் நின்று, "உக்காருங்க" என்று சொன்னாள். வீடு அசையவில்லை. மறுநாள் சர்க்கரைப் பொங்கல் வைத்து அழைத்தாள். அதற்கும் அடுத்த நாள் கெஞ்சினாள். பிறகு ஒரு நாள், "உனக்கு என்ன கேடு? ஊருல இருக்கிற வீடெல்லாம் உக்காந்தாச்சு, உனக்கு மட்டும் என்ன மினுக்கு? உன் கிளி மூக்கை நான் எத்தனை வருஷமாத் தொடைக்கிறேன்!" என்று சுவரில் கரண்டியால் ஒரு போடு போட்டாள். வீடு நின்றுகொண்டே இருந்தது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பரிமாறுகிறவள் மட்டும் நிற்பதுபோல, அந்த வரிசையில் அது ஒன்றுதான் நின்றது.

மணி அடித்தது. குணவதி போனாள்.

"நம்ம வீட்டுக்கு மட்டும் என்னாச்சு குணா?" என்று கேட்டார் ஆதிமூலம். குழறிய பேச்சு, ஆனால் அவளுக்குப் புரியும். "எல்லார் வீட்டுக் கூரையும் எனக்குக் கீழே தெரியுது. மலை உச்சில கட்டிப்போட்ட மாதிரி இருக்குது."

கண்டுபிடித்தவர் ரெபேக்கா டீச்சர்தான். குணவதி தட்டை ஏந்திக்கொண்டு ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ அழைத்தபோது அவரும் கூட இருந்தார். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ நின்னுக்கிட்டு வீட்டை உக்காருன்னா அது எப்படி உக்காரும்?"

மற்ற தெருவில் எப்படியோ, உப்புத்துறைத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. படகுக்காரர்கள் காலத்திலிருந்து வருவது. வீட்டுக்காரர் உட்காராமல் விருந்தாளி உட்கார மாட்டார். வீட்டுக்காரர் நின்றுகொண்டே பேசினால் 'பேச்சு முடிந்தது, கிளம்பு' என்று அர்த்தம். பாய் நாற்காலியிலிருந்து அழைத்தார், டீச்சர் ஜமுக்காளத்திலிருந்து அழைத்தார். குணவதி ஒருத்திதான் நின்றுகொண்டு அழைத்தாள். நல்லபடி வளர்ந்த வீடு எப்படி உட்காரும்?

"அப்ப நான் உக்காரணுமா?" என்றாள் குணவதி.

"ஆமா."

"அடுப்புல பால் இருக்கு டீச்சர்."

"முதல்ல உக்காரு."

குணவதி உட்கார்ந்தாள். நாற்காலி நுனியில், பஸ்ஸில் இறங்கும் இடம் வந்துவிடுமோ என்று பார்க்கிறவளைப் போல. வீடு முனகியது. தூண்கள் மடங்கின, தரை ஒரு சாண் இறங்கியது. தெருவில் கூடியிருந்தவர்கள் "ஆ! ஆ!" என்றார்கள். அப்போது பால் பொங்கியது. குணவதி எழுந்து ஓடினாள், பாதி குனிந்த வீடும் விருட்டென்று நிமிர்ந்து நின்றுகொண்டது. அலமாரியிலிருந்து டம்ளர்கள் உருண்டன.

அடுத்த தடவை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். தரை இரண்டு சாண் இறங்கியபோது மணி அடித்தது. "குணா, தலகாணி நழுவுது." எழுந்தாள், வீடும் எழுந்தது. அதற்கடுத்த தடவை கோகுல்நாத் தன் கூட்டத்தோடு வந்து எதிர்க்கரையில் நின்று பார்த்தார். வீடு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்ததைப் பார்த்து அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், ஒண்ணு உக்காருங்க, இல்ல நில்லுங்க!" என்று தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "இப்படி ஏத்தி எறக்குனா அந்தப் படி தாங்காது!"

"அந்தப் படியாலதான் நான் தாங்கல!" என்று குணவதி திருப்பிக் கத்தினாள். தெரு கைதட்டியது. அவளுக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கடைசியில் அது நடந்தபோது பார்க்க யாரும் இல்லை. ஒரு மத்தியானம் குடத்தோடு படியேறி வந்தவள், அலமாரிக் கதவைத் தள்ளி வெளியே வந்து, குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கப் பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலியில் விழுந்தாள். வீட்டை அவள் அழைக்கவில்லை. வீட்டின் நினைப்பே அவளுக்கு இல்லை. கால்கள் யாருடைய கால்களோ போலிருந்தன. அப்போது மணி அடித்தது. அவள் அதைக் கேட்டாள். மறுபடி அடித்தது. அதையும் கேட்டாள். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, எழுந்திருக்கப் போவதில்லை என்றும் தெரிந்தது, அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடிக்கட்டும் என்று பின்னால் சாய்ந்தாள். அப்போதுதான், தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விட்டு, வீடு இறங்கத் தொடங்கியது.

"குணா! கட்டில் எறங்குது!"

"எறங்கட்டும்" என்றாள் அவள்.

டீச்சர் ஓடி வந்தபோது ஆளுயரச் சன்னல் தெருவுக்குச் சமமாக வந்து நின்றிருந்தது. "எழுந்துடாதே! அசையாதே!" என்று வெளியிலிருந்தே கத்தினார். பாய் ஆட்களைக் கூட்டி வந்து கம்பியைக் கழற்றினார். சக்கர நாற்காலி வந்தது. ஆதிமூலத்தைத் தூக்கி உட்கார வைத்துத் தள்ளினார்கள், அவ்வளவுதான். மூன்று வருடத்துச் சிறை ஒரு தள்ளில் முடிந்தது. நாற்காலி தெருவில் போய் நின்றதும் அவர், பாலத்தருகே தெரிந்த கால்வாயைப் பார்த்து, "அட, இது சாம்பல் கலராத்தான் இருக்குது இன்னமும்" என்று சொல்லி ஓவென்று அழுதார்.

அன்றிலிருந்து குணவதி எழுந்திருக்கக் கூடாது என்றானது. அவள் எழுந்தால் வீடு எழுந்துவிடும் என்பதைத் தெரு தன் கண்ணாலேயே பார்த்திருந்தது. ஆதிமூலம் காலையில் பிசியோவுக்குப் போக வேண்டும், திரும்பி வர வேண்டும், சாயங்காலம் பாலத்துக் கடையில் டீ குடிக்க வேண்டும். அதற்கு வீடு உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். படுப்பது நிற்பதில் சேராது என்று முடிவானது. கழிவறை விவகாரத்தைப் பெண்கள் ஒரு மாநாடே கூடித் தீர்த்தார்கள்: நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து இங்கே நகர்த்தினால், அது உட்கார்ந்ததிலிருந்து உட்கார்ந்ததற்கு மாறுவதுதானே ஒழிய நிற்பதாகாது. காலைச் சாப்பாடு டீச்சர் வீட்டிலிருந்து வந்தது, மத்தியானம் பாய் வீட்டிலிருந்து, இரவுக்குத் தெருவில் முறை வைத்தார்கள். பாத்திரத்தை யாரோ கழுவினார்கள், துணியை யாரோ துவைத்தார்கள். யார் என்று குணவதி விசாரிக்கவில்லை. மணியைக் கழற்றி டீச்சர் தன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். கோகுல்நாத் கூட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, "வீட்டைத் தாங்கிட்டு உக்காந்திருக்கிறவங்க" என்று மெதுவாகப் பேசிக்கொண்டது.

"பாவம், அவ புருஷனுக்காக அசையாம உக்காந்திருக்கா" என்றது தெரு. "எந்தப் பொம்பளையால முடியும்?"

மாதங்கள் போயின. ஆதிமூலத்தின் இடது கால் முதலில் விரலை ஆட்டியது, பிறகு முட்டியை மடக்கியது. ஒரு நாள் மத்தியானம், இன்றைக்குப் பாலத்தின் மேல் கோல் ஊன்றி நடந்து காட்டப் போகிறார் என்று தெருவே அவர் பின்னால் போய்விட்டது. குணவதி மட்டும் நாற்காலியில் இருந்தாள். வானம் இருட்டியது. கால்வாய்ப் பக்கத்து உப்பரிகையில் கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்தது. முதல் தூறல் பட்டென்று தகரத்தில் விழுந்தது.

அவள் யோசிக்கவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம் யோசிக்க விடுமா? தூறல் சத்தம் காதில் விழுந்த அடுத்த நிமிஷம் அவள் உப்பரிகையில் இருந்தாள், இரண்டு கையும் துணியை இழுத்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தன. கடைசி வேட்டியை உருவியபோதுதான் தான் நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

துணி மூட்டையோடு அப்படியே நின்றாள். தூண்கள் நிமிரும், தரை ஏறும், பாலத்திலிருந்து திரும்பி வருகிற மனுஷன் அண்ணாந்து பார்ப்பார் என்று காத்திருந்தாள். தூறல் மழையானது. வீடு அசையவில்லை. ஒரு காலை மெல்லத் தூக்கி வைத்தாள். அசையவில்லை. கூடத்துக்கு வந்து நடுவில் நின்றாள். தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பிறகு, தன் வயதையும் உடம்பையும் மறந்து, தொப்பென்று ஒரு குதி குதித்தாள். வீடு கால்வாயில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. அவள் மணியைக் கேட்டும் எழாமல் சாய்ந்த அன்றைக்கே அது முழுசாக உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு நாள் நின்ற அலுப்பு அதற்கு. இனி யாருக்காகவும் எழுந்திருக்கிற உத்தேசம் அதற்கு இல்லை.

குணவதி அடுப்படியைப் பார்த்தாள். மூன்று வருடம் நின்ற இடம். பால் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. பாலத்தின் பக்கமிருந்து ஒரே ஆரவாரம் கேட்டது. அவர் நடந்துவிட்டார் போலிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் இல்லை. ஆரவாரம் மழையில் நனைந்துகொண்டு தெருவுக்குள் திரும்பி நெருங்கியது.

அவள் துணி மூட்டையோடு உப்பரிகைக்குப் போனாள். எடுத்த துணியை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், கொட்டுகிற மழையில் மறுபடி கொடியில் விரித்தாள். வேட்டியை இருந்த இடத்திலேயே போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது டீச்சர். "நடந்துட்டார் குணா! பாலத்தைக் கடந்துட்டார்! ஐயோ, துணியெல்லாம் நனைஞ்சு போச்சே. நீ பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியா? பாவம், நீயும்தான் என்ன பண்ணுவே. உன் தலையும் ஈரமா இருக்கே?"

"சாரல் அடிச்சுது டீச்சர்" என்றாள் குணவதி.

பின்னாலேயே ஆதிமூலம் வாசலில் வந்து நின்றார். கோல் ஒரு கையில், பாயின் தோள் மறு கையில். பிறகு பாயின் தோளை விட்டுவிட்டுத் தானாக நின்றார். மழைத் தண்ணீர் மீசையில் சொட்டியது.

"பாத்தியா குணா? நிக்கிறேன்" என்றார்.

குணவதி அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"நிக்கிறீங்க இல்ல? அப்படியே போய் அந்தத் துணியை எடுத்து உள்ள போடுங்க" என்றாள்.

அவர் கோலை ஊன்றி உப்பரிகைக்குப் போனார். ஒரு கையால் ஒவ்வொரு துணியாக உருவுவதற்கு வெகுநேரம் ஆனது. குணவதி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.